தம்மாமுக்குப் போன மாசிப் பொடி

மேலப்பாளையத்து ஷம்ஸியா இணையத்தில் மாசிப் பொடி விற்க ஆரம்பித்தது புருஷனுக்கு உள்ளூரில் ஒரு வேலை உண்டாக்குவதற்காக. அவள் வாயால் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் 'சும்மா பொழுது போகணும்லா' என்று சொல்லிவைத்தாள்.

புருஷன் ரசீத் தம்மாமில் குளிர்சாதன உதிரிபாகங்கள் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான மறு வருஷம் விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். வந்த முதல் வாரம், எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று கேட்டுக் கேட்டுத்தான் போடுவார். அது கைக்குப் பழகி, இருட்டிலும் தடவிப் போடுகிற நேரத்தில் பெட்டி கட்டும்படி ஆகிவிடும். 'வீடு முடியட்டும், வந்துருதேன்' என்றார். வீடு முடிந்தது. 'ஃபஹ்மிதா கல்யாணம் முடியட்டும்' என்றார். மகளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. இனிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை என்று ஷம்ஸியா நினைத்திருந்தாள்.

2022 ஆகஸ்டில், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வாடகைக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவள் நேரடியாகவே கேட்டாள்.

"இந்தத் தடவையோட முடிச்சிட்டு வந்துருதியளா?"

ரசீத் கைப்பெட்டியின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "வந்து என்ன செய்ய, புள்ள? பள்ளிவாசல் முக்குல உக்காந்து, போறவன் வாரவனுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கிட்டு இருக்கவா? அங்கன எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு. இங்கன என்ன இருக்கு?"

நான் இருக்கேன் என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. வாசலில் அவள் அண்ணன் நின்றான், கார் ஓட்டுகிறவர் நின்றார். சொல்லவில்லை. கார் போன பிறகு யோசித்தபோது, அவர் கேட்டதும் நியாயம்தான் என்று பட்டது. வேலை செய்தே பழகின மனுஷன். வெறுங்கையோடு எப்படி உட்காருவார்? அப்படியென்றால் நாற்காலியை இங்கே போட வேண்டியது தன் பொறுப்பு.

அவளுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. தூத்துக்குடியிலிருந்து வரும் மாசிக் கருவாட்டை உடைத்து, வறுத்து, மிளகாயும் தேங்காயும் பூண்டும் சேர்த்துப் பொடியாக்குவது. மாசி, கருவாடு என்று பேரே தவிர, கருங்காலிக் கட்டை மாதிரி இருக்கும். அதை உலக்கையால் இடித்து உடைக்க வேண்டும். ஒவ்வொரு லீவிலும் ரசீத் போகும்போது அவள் கட்டிக்கொடுப்பது அதைத்தான். அதையே விற்கலாம் என்று முடிவெடுத்தாள். எப்படி விற்பது என்பதைப் பாளையங்கோட்டையில் பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டாள். வகுப்பு எடுத்தவள் ஜெபராணி. வீட்டிலிருந்தே கேக் செய்து, அதை முழுக்க முழுக்க இன்ஸ்டாகிராமில் விற்று முன்னுக்கு வந்தவள். ஷம்ஸியாவுக்கு முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் தொடங்கித் தந்தாள். நீளமாக எழுத ஒரு வலைப்பூவும், ஆர்டர் வாங்க வாட்ஸப் எண்ணும் ஏற்பாடு செய்தாள்.

முதல் மாதம் ஷம்ஸியா எழுதியதெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. 'சுத்தமான மாசிப் பொடி. கலப்படம் இல்லை. தேவைப்படுவோர் அணுகவும்.' அண்ணன் லைக் போட்டான். அண்ணன் பெண்டாட்டி போட்டாள். மகள் கடையநல்லூரிலிருந்து ஒரு இதயம் அனுப்பினாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"அக்கா, இது ரேஷன் கடையில எழுதிப்போட்ட போர்டு மாதிரில்லா இருக்கு," என்றாள் ஜெபராணி. "இத வாசிச்சா யாருக்கு நாக்குல எச்சி ஊறும்? இந்தப் பொடிய நீங்க முதல்ல யாருக்குச் செஞ்சீங்க?"

"அவியளுக்குத்தான்."

"அப்ப அவங்களப் பத்தி எழுதுங்க. எங்கிட்ட பேசுத மாதிரியே எழுதுங்க. இலக்கணம் பாக்காதீங்க."

"ஆம்பளயப் பத்தி ஊரறிய எழுதவா? பேரெல்லாம் போட மாட்டேன்."

"பேரு எதுக்குக்கா? நாம பேரையா விக்கோம்?"

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு அவள் எழுதினாள்.

'அவியளுக்கு மாசிப் பொடின்னா உசுரு. சுடுசோத்துல நெய்ய விட்டு, பொடியப் போட்டுப் பிசைஞ்சா வேற ஆணம், கொழம்பு ஒண்ணும் கேக்க மாட்டாவ. கடைசிக் கவளத்துக்குன்னு தட்டுல ஒரு ஓரமா கொஞ்சம் ஒதுக்கி வைப்பாவ. அத நான் எடுக்கப் போனா கையத் தட்டி விடுவாவ. இப்ப நான் மட்டும்தான் சாப்பிடுதேன். எல்லாப் பொடியும் எனக்குத்தான். கையத் தட்டி விட ஆளு இல்ல.'

கூடவே ஒரு படம். கோரைப் பாயில் சோற்றுத் தட்டு, பொடியைப் பிசையும் அவள் கை. முகத்தைப் பொதுவில் காட்டுகிற வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை. மிளகாய்ப் பொடி வளையலுக்குள் போய் எரிச்சல் எடுக்கும் என்பதால், பொடி வேலை செய்கிற நாட்களில் வளையலைக் கழற்றி வைத்துவிடுவாள். படத்தில் இருந்தது வெறும் கை.

அந்தப் பதிவு அவள் நினைக்காத இடங்களுக்கெல்லாம் போனது. காயல்பட்டினத்துக்காரர் யாரோ அதை ஒரு வாட்ஸப் குழுவில் போட, அங்கிருந்து துபாய்க்கும் தோஹாவுக்கும் போய், கடைசியில் தம்மாமில் வந்து இறங்கியது. ஆர்டர் வந்தது. அவள் இன்னும் எழுதினாள். நோன்பு திறக்கும்போது அவியளுக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியை அவிய எப்படி ஆற்றிக் குடிப்பாவ, மழை பெய்தால் அவிய எந்த ஜன்னலோரம் நிற்பாவ. எழுத எழுத, பக்கத்தில் ஒரு ஆள் நடமாடுகிற மாதிரி இருந்தது. சில நாட்கள் ஆர்டரை மறந்துவிட்டு அந்த நடமாட்டத்துக்காகவே எழுதினாள்.

அதிகம் கேட்டது தம்மாமிலிருந்துதான். மேலப்பாளையத்தில் லீவு முடிந்து திரும்புகிறவர்களிடம் சாமான் கொடுத்துவிடுவது பழைய வழக்கம். யார் எந்தத் தேதி போகிறார், பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். பொடிப் பொட்டலங்கள் அப்படியே போய், ரசீதின் அறையில் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அவர் ஊர்க்காரர்கள் தங்கியிருக்கும் ஒவ்வொரு கேம்பாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

முன்பெல்லாம் அவர்கள் போன் பேச்சு 'சாப்பிட்டாச்சா, என்ன ஆணம்' என்பதோடு முடிந்துவிடும். பிறகு இருவரும் எதிர்முனையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது பேச்சு முடிவதேயில்லை.

"ஏ புள்ள, ஜுபைல்ல இருந்து ஒருத்தன் கேட்டான். போன தடவ காரம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சாம்."

"அவன் எந்த ஊருக்காரன்?"

"அம்பாசமுத்திரம் பக்கம்."

"அப்ப அவனுக்குத் தூக்கலாத்தான் இருக்கும். சொல்லுங்க, அடுத்த தடவ தனியாச் செஞ்சு தாரேன்."

அவர் குரலில் இருந்த துடிப்பு அவளுக்குப் புதிது. இதோ, வேலை உண்டாகிவிட்டது என்று நினைத்தாள். அந்தத் துணிவில் ஒருநாள் கேட்டாள். "வியாபாரம்தான் வந்துட்டே. இனி வந்துருவியள்லா?"

"இப்பப் போயி வரச் சொல்லுத?" என்றார் ரசீத், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "நான் வந்துட்டா இங்கன சரக்க யாரு கொடுப்பா? ரெண்டு வருஷம் போகட்டும், புள்ள. நல்லாப் பிடிச்சு நிக்கட்டும்."

போனை வைத்த பிறகும் ஷம்ஸியா அடுப்படியிலேயே நின்றாள். அவரை இழுத்துவரத் திரித்த கயிற்றாலேயே அவரை அங்கே கட்டிப்போட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாளும் பொடி இடித்தாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ரமலானுக்கு முந்தின மாதம், ஏரல்காரர் அலி அஸ்கர் லீவில் வந்திருந்தவர், தம்மாமுக்குத் திரும்பும் முன் பொட்டலங்களை வாங்கிப் போக வந்தார். ரசீதின் அறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கேம்பில் இருப்பவர். ஷம்ஸியா அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அண்ணனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அலி அஸ்கர் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி வாசற்படியிலேயே நின்றார். கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் ஒரு துணிப் பையும்.

"இது எங்க கேம்புல எல்லாரும் சேந்து உங்களுக்குக் கொடுக்கச் சொன்னது, தாத்தா." அக்காவைத் தாத்தா, அண்ணனைக் காக்கா, புருஷனை மாப்பிள்ளை என்றுதான் அவர்கள் பக்கத்தில் சொல்வார்கள். "மறுக்காம வாங்கிக்கணும். உங்க மாப்பிள்ளைக்காக நாங்க போன மாசம் யாசீன் ஓதி துஆச் செஞ்சோம். அல்லாஹ் அவங்கள அடக்கின கபுரை வெளிச்சமாக்கி வைப்பான்."

அண்ணன் வாயைத் திறந்தபடி ஷம்ஸியாவைப் பார்த்தான்.

"யாரு சொன்னா, அவிய மவுத்தாப் போயிட்டாவன்னு?" என்று அண்ணன்தான் கேட்டான்.

"யாரும் சொல்லணுமா, காக்கா? இவங்க எழுதுறத வாசிச்சாத் தெரியாதா? முகம் காட்டாம, கையில வளையல் இல்லாம, தனியா உக்காந்து சாப்பிடுறதா எழுதுறாங்க. புருஷன் தவறி, இத்தாவுல இருக்காங்கன்னு எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எங்க கேம்புல வேற கடைப் பொடிய எவனும் தொடுறதில்ல." அவர் குரல் தழுதழுத்தது. "சரக்கு கொண்டாந்து தருவாரே ரசீத் அண்ணாச்சி, அன்னைக்கு அவரும் வந்திருந்தாரு. ஓதி முடியிற வரைக்கும் இருந்தாரு. எல்லாரையும் விட அவருதான் ரொம்பக் கண் கலங்கிட்டாரு."

அவரு யாருன்னு தெரியுமா என்று அண்ணன் ஆரம்பித்தான். ஷம்ஸியா கண்ணாலேயே அவனை நிறுத்தினாள். பெட்டியை வாங்கிக்கொள்ளாமல், பொட்டலங்களை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். ரசீதிடம் கேட்காமல் எதையும் சொல்லக் கூடாது என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் ரசீதே கூப்பிட்டார்.

"உங்களுக்கு யாசீன் ஓதுனாவளாமே."

ரசீத் சிரித்தார். "அஸ்கர் சொல்லிட்டானா? நான் என்ன செய்ய, புள்ள? பொடி கொடுக்கப் போனேன், 'வாங்க அண்ணாச்சி, ஒரு மையித்துக்கு ஓதுதோம்'ன்னு உக்கார வச்சுட்டானுவ. பாதியிலதான் எனக்கே புரிஞ்சுது, நான்தான் மையித்துன்னு. நடுவுல எந்திரிச்சு, ஏலே நான் இங்கனதான் இருக்கேன்னு சொல்லவா?"

"அதுக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்லா. நீங்க யாருன்னு."

"எம் பெண்டாட்டிதான் இப்படி நெட்டுல எழுதுதான்னு எப்படிச் சொல்ல? ஊர்க்காரப் பொம்பள அனுப்புதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ எம் பேரச் சொல்லல, நான் உம் பேரச் சொல்லல. இதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"ஏன் அழுதிய?"

"ஓதுன பையன் நல்லா ஓதுனான்," என்றார் ரசீத். உடனே பேச்சை மாற்றி, "விட்டுரு. மறுத்து எதுவும் எழுதிராத. நல்லாத்தான போகுது. அவனுவளும் பாவம்னுதான் வாங்குதானுவ."

"வியாபாரத்துக்காவ நீங்க மவுத்தாவே இருந்துக்கிடுவியளோ?"

"இங்கன இருக்கவன் எப்படி இருந்தா என்ன, புள்ள," என்றார் அவர். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அவளை விட்டுப் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கண்ணில் படுகிற ஆளை உலகம் இறந்துபோனவர் என்று எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு? தன் எழுத்தைப் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். ஒரு வரியும் பொய் இல்லை. எல்லாமே போனவரைப் பற்றி எழுதினது மாதிரிதான் இருந்தது.

மறுநாள் பாளையங்கோட்டைக்குப் போய் ஜெபராணியிடம் சொன்னாள். ஜெபராணி கேக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தி முதலில் சிரித்தாள். ஷம்ஸியாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"உண்மைய எழுதிருங்கக்கா. நாளைக்கு உங்க வீட்டுக்காரங்க வந்து உங்க பக்கத்துல நின்னு ஒரு ரீல்ஸ் போட்டா, பாக்கவங்க பேயின்னு நெனச்சு ஓடிருவாங்க."

"பாதி வியாபாரம் போயிரும்லா?"

"பாதிக்கு மேலயே போகும். ஏமாத்திட்டான்னு சொல்லுவாங்க, பக்கத்தவிட்டும் போவாங்க." பூவைச் சரி செய்தபடி கேட்டாள். "ஆனா நீங்க வியாபாரம் எதுக்குக்கா ஆரம்பிச்சீங்க?"

பொழுது போகத்தான் என்ற வழக்கமான பதில் ஷம்ஸியாவுக்கு அப்போது வரவில்லை.

வீட்டுக்கு வந்து, மகள் கல்யாணத்தில் எடுத்த படங்களில் ரசீத் மட்டும் தனியாக நிற்கும் ஒன்றைத் தேடி எடுத்தாள். சந்தனக் கலர் சட்டை, சபைக்கு நடுவில் யாரையோ தேடுகிற பார்வை. அதைப் போட்டு, அடியில் எழுதினாள். பெயர் எழுதும் இடம் வந்தபோது விரல் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் உச்சரித்ததில்லை. கேஸ் புத்தகத்துக்கும் வங்கிக்கும்கூட அண்ணன்தான் பெயரைச் சொல்லுவான்.

'இது என் மாப்பிள்ளை. பேரு ரசீத். அல்லாஹ் காவல்ல நல்லா இருக்காவ. தம்மாமுல உங்களுக்குப் பொடி கொண்டாந்து தார அண்ணாச்சி இவியதான். நான் பேரச் சொல்லாததும் அவிய என் பேரச் சொல்லாததும் வழக்கத்துனால. உங்கள ஏமாத்தணும்னு இல்ல. நீங்க துஆச் செஞ்சத நான் மறக்க மாட்டேன். பேரீச்சம்பழத்த வாங்கிக்கிட எனக்கு உரிமை இல்ல. இனிமே தம்மாமுக்குப் பொடி கிடையாது. கொடுக்க அங்கன ஆளு இருக்கக் கூடாதுன்னு நான் ஆசைப்படுதேன். அவிய இங்கன வரணும். வேலை இருக்கு.'

இரண்டு தடவை வாசித்தாள். போட்டுவிட்டாள்.

சிரித்தவர்கள் இருந்தார்கள். 'பொய் சொல்லிப் பிழைக்கிறாள்' என்று எழுதியவர்களும் இருந்தார்கள். யாசீனுக்கு வந்து உட்கார்ந்திருந்த ஒருவர், 'மையித்து எழுந்து வந்து எங்களோடு டீயும் குடித்தது' என்று எழுத, அதற்குக் கீழே பெரிய சிரிப்பு. பல பெண்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். 'எப்ப வாராவ, தாத்தா?' ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் எழுதப் போனை எடுத்துவிட்டு, எழுதாமல் வைத்தாள்.

ரசீத் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. தம்மாம் ஆர்டர் இல்லாததால் வறுத்த மாசி டப்பாக்களில் தங்கியது. உள்ளூர்க்காரர்கள் வாங்குவது கொஞ்சம்தான். வாய் சும்மா இருக்காமல் காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள். அவர் ஆம்பிளை. சபை நடுவில் அவரை இழுத்து நிறுத்தியாயிற்று. கோபத்தில் அவர் இன்னும் நாலு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால்? அந்த வாரம் முழுக்க வளையலைக் கழற்றவில்லை. பொடி இடிக்கவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"என்ன செய்யுத?"

"சும்மா இருக்கேன்."

"இங்கன என்னைய எவனும் சும்மா விடல," என்றார் ரசீத். "எதிர்ல வாரவன் எல்லாம் கையப் பிடிச்சுப் பாக்கான், சூடு இருக்கான்னு. முதலாளி வரைக்கும் போயிட்டு. ஒரு மலையாளத்தான் அவருக்கு அரபியில சொல்லிக் காட்டியிருக்கான்."

"கோவமா?"

"கோவம்தான். நாலு நாள் இருந்துச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் அழுதத அஸ்கர் சொன்னான்லா. ஓதுன பையன் நல்லா ஓதல, புள்ள. திக்கித் திக்கித்தான் ஓதுனான். நான் மவுத்தாப் போனா நீ இப்படித்தான் உக்காந்து சாப்பிடுவன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, நான் உசுரோட இருக்கும்போதே நீ அப்படித்தான் சாப்பிடுத."

ஷம்ஸியா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரேயடியா ஊருக்கு வந்துர, எக்ஸிட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். முதலாளி கையெழுத்துப் போடணும். போட மாட்டேங்கான், வேற ஆளப் பழக்கிட்டுப் போங்கான். அது எத்தன மாசம்னு தெரியல."

வருகிறேன் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதை நம்பவும் பயமாக இருந்தது அவளுக்கு.

"வேலை இருக்குன்னு எழுதியிருக்கியே. என்ன வேலை?"

"மாசி உடைக்கணும். உலக்கையில இடிச்சு இடிச்சு எனக்குத் தோள் இறங்கிப் போச்சு."

"உலக்கையிலயா இன்னும்? மிஷின் இல்லியா?"

"நீங்க வந்து பாத்து வாங்குங்க."

"கோயம்புத்தூர்ல கிடைக்கும்," என்றார் ரசீத், யோசனையில். "மோட்டார் எத்தன குதிரைச் சக்தின்னு பாக்கணும். நம்ம வீட்டு வயரிங் தாங்குமா?" அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அந்தப் பக்கம் பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. இங்கே அஸர் எப்போதோ முடிந்து, ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக் கிடந்தது.

"தொழுதுட்டு வாரேன். வச்சிராத."

அவர் போனைக் கட்டிலில் போடும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. ஷம்ஸியா காதிலிருந்து எடுக்கவில்லை. தம்மாமில் அவர் அறையின் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு வாசலைக் கடந்து போனார்கள். பிறகு விசிறி மட்டும். இங்கே மக்ரிபுத் தொழுகை நேரம் நெருங்கி, வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவள் எழுந்து விளக்கைப் போடவில்லை. அந்த வெற்று அறையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.